மூன்றாவது சீட்

பஸ் நிற்பதற்கு முன்பே ஹெப்சியின் டிபன் பை உள்ளே ஏறிவிடும். ஜன்னல் வழியாக வீசுவாள். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் போய் விழும். பிறகு நிதானமாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் வைப்பாள். அந்த இடம் மாதனூரில் ஏறும் கௌசருக்கு. யாராவது பையைத் தொட்டால், "இன்னாம்மா, கண்ணு தெரியல? உள்ள சாம்பார் சாதம் உக்காந்துனு இருக்குது" என்பாள்.

இருவருக்கும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. ஒரு பனிக்காலக் காலையில் ஹெப்சி வேறொரு கம்பெனி பஸ்ஸுக்குள் பையை வீசிவிட்டாள். சாயங்காலம் பை திரும்பி வந்தது. டப்பாவைக் கழுவியிருந்தார்கள். ஊறுகாய் கம்மி என்று சொல்லியும் அனுப்பியிருந்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

போன மழைக்காலத்தில் அவர்கள் பஸ் நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. கூட வேலை செய்த நசீமுன்னிசாவும் கிரேஸியும் இறந்துபோனார்கள். கௌசருக்குத் தொடை எலும்பு முறிந்தது. ஹெப்சிக்கு நெற்றியில் ஒரு கீறல்.

"இனிமே பஸ் ஏற மாட்டேன்க்கா" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துச் சொன்னாள் கௌசர். ஹெப்சிக்கு ஆறுதல் சொல்ல வராது. "ஏறு, ஏறாட்டி போ. உன் எடம் அப்படியே இருக்கு. எவளயும் உக்கார வுட மாட்டேன்" என்று அதட்டினாள்.

கட்டிலருகே நின்றிருந்த கௌசரின் தம்பி உமர் ஃபாரூக் நடுவிலிருந்த ஒரு வரியை மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தான். 'உன் எடம் அப்படியே இருக்கு.' ஊரே அதை வைத்தது. ஆட்டோக்களின் முதுகில் ஒட்டினார்கள். இறந்தவர்கள் படத்துக்குக் கீழே போட்டபோது ஹெப்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கைகூப்பிய தலைவர் ஒருவர் ஃப்ளெக்ஸில் அதே வரியோடு நின்றபோது, "இவரு எடத்த யாரு கேட்டாங்க?" என்றாள். பிரியாணிக் கடைக்காரரும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அதைப் பிரசங்கத்தில் உருக்கமாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மாள் பைபிளைப் புரட்டியபடி, "எந்த அதிகாரம்மா?" என்று கேட்டாள்.

"மூணாவது சீட்டு, எனக்குப் பக்கத்துல" என்றாள் ஹெப்சி.

கம்பெனி வேறு பஸ் விட்டது. அதிலும் மூன்றாவது சீட்டில் பை உட்கார்ந்து போனது. முதலில் எல்லோரும் கண் கலங்கினார்கள். போகப் போகக் கால் வலித்தது. "நானும்தான் ஸ்டேட்டஸ் வெச்சேன். அதுக்காக தெனம் நின்னுனே வர முடியுமாக்கா?" என்றாள் ஜெனிஃபா. புகார் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் சத்தியநாதனிடம் போயிற்று.

"பைக்கு எதுக்கும்மா சீட்டு? நாளையிலிருந்து ஆள் உக்காரணும்."

"சார், பின்னாடி கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பினார். கேட்டில் கம்பெனியே மாட்டிய பேனரில் அந்த வரி, நீலத்தில், அவரைவிட உயரமான எழுத்தில் தொங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, இந்த வாரம் மட்டும்" என்றார்.

இந்தக் கெடுவை ஹெப்சி கௌசரிடம் சொல்லவில்லை. போனில் வழக்கம்போல, "இன்னிக்கும் பைதான் உக்காந்துச்சு. உன்னவிட அது மேலு, தொணதொணன்னு பேசாது" என்றாள்.

சனிக்கிழமை, வாரத்தின் கடைசி வேலைநாள். மாதனூர் ஸ்டாப்பில் எல்லோரும் ஏறியாயிற்று. ஏறாமல் ஊன்றுகோலோடு ஒருத்தி மட்டும் கீழே நின்றாள். கௌசர். படிக்கட்டைப் பார்த்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். டிரைவர் பாண்டியன் ஹாரனில் இருந்த கையை எடுத்துவிட்டு இஞ்சினை அணைத்தார். ஹெப்சி கூப்பிடவில்லை.

கௌசர் தோளிலிருந்த டிபன் பையைக் கழற்றினாள். ஒரு முறை ஓங்கிப் பார்த்து, ஜன்னல் வழியாக வீசினாள். வீசிப் பழக்கமில்லாத கை. பை ஹெப்சியின் மூக்கில் பட்டு மடியில் விழுந்தது.

"அடிப்பாவி" என்றாள் ஹெப்சி. மூக்கைத் தடவிக்கொண்டே தன் பையை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் கௌசரின் பையை வைத்தாள்.