கேட்சருக்குக் கேட்டது

பிராங்பேர்ட் விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் வேலை செய்யும் டெல்சி, ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்போல் நடுவர். மன்னாரில் பிறந்து ஆறு வயதில் ஜேர்மனிக்கு வந்தவர். மகள் பிறின்சியைப் பயிற்சிக்குக் கூட்டிப்போய், காத்திருந்த நேரத்தில் விளையாட்டின் விதிகளைப் படித்துக்கொண்டார். மகள் ஒரே வருடத்தில் விட்டுவிட்டாள். டெல்சி விடவில்லை. ஒவ்வொரு கழகமும் நடுவர்களைத் தர வேண்டும் என்பது லீக்கின் விதி. யாரும் முன்வராதபோது அவர் கையை உயர்த்தினார்.

நடுவர் பயிற்சியில் ஒரு மாலை, அமெரிக்க பேஸ்போலின் பழைய கதை வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கறுப்பினத்தவரைப் பெரிய லீக்கில் சேர்க்கவே இல்லை. 1947இல் ஒருவர் உள்ளே வந்தபோது, அவருடன் விளையாட மாட்டோம் என்று சொந்த அணியிலேயே சிலர் முரண்டு பிடித்தார்கள். சிலர் அவர் பக்கம் நின்றார்கள். அந்த லீக்கில் முதல் கறுப்பின நடுவர் வர இன்னும் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. டெல்சி அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டார்.

இரண்டாவது வருடம், வடக்கே ஒரு சின்ன ஊரின் மைதானத்தில், ஊர் அணியின் வீரர்கள் அமரும் வாங்கிலிருந்து அவரது நிறத்தைச் சொல்லி ஒரு வசை வந்தது. லீக்குக்கு எழுதிக் கொடுத்தார். அந்த அணியில் ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லையாம். முறைப்பாட்டுக் கோப்பை மூடிவிட்டதாக லீக்கிலிருந்து கடிதம் வந்தது.

அந்தக் கடிதம் வந்த அன்று கணவர் கிறிஸ்ரியன், "விட்டிடும், டெல்சி. பூசைக்குப் போட்டு வந்து வீட்டிலை இருக்கலாம்தானே" என்றார்.

"எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு. அவங்கள் பேசினதுக்கு நான் ஏன் வீட்டிலை இருக்கோணும்?"



இரண்டு வருடம் கழித்து, போன ஜூனில், அதே மைதானத்துக்கு மறுபடி அனுப்பினார்கள். பேஸ்போலில் மட்டையடிப்பவருக்குப் பின்னால் கேட்சர் குந்தியிருப்பார். வரும் பந்தைப் பிடிப்பது அவர் வேலை. அவரது தோளுக்கு மேலாகக் குனிந்து பந்தைப் பார்ப்பவர் நடுவர். ஊர் அணியின் கேட்சர் ஹொல்கர், அமைதியான ஒரு தச்சர். மூன்றாவது சுற்றில், அவரது அணிக்குப் பாதகமாக டெல்சி ஒரு தீர்ப்புச் சொன்னதும் அதே சொல் மறுபடி வந்தது. போய்க் கழிப்பறை கழுவு என்றும் சேர்த்துச் சொன்னது அந்தக் குரல்.

டெல்சி ஆட்டத்தை நிறுத்தினார். முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வாங்குக்கு நடந்தார். அங்கே இருந்த நான்கு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். யார் சொன்னது என்று கேட்டார். "யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆட்டத்தைத் தொடருங்கள்" என்றார் அணியின் பயிற்சியாளர்.

பின்னால் ஹொல்கர் எழுந்து வந்திருந்தார்.

"ருடிகர்தான் சொன்னான். எனக்குக் கேட்டது."

உதவிப் பயிற்சியாளரான ருடிகரை டெல்சி வெளியே அனுப்பினார். ஆட்டம் தொடர்ந்தது. ஹொல்கர் தவறவிட்ட ஒரு பந்து டெல்சியின் தோளில் பட்டது. மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றார் டெல்சி.

ஆட்டம் முடிந்ததும் ஹொல்கர் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார்.

"போன தடவை நீங்கள் வந்த அன்றைக்கும் நான்தான் கேட்சர். அன்றைக்கும் எனக்குக் கேட்டது."

"தெரியும். எனக்குக் கேட்டது உங்களுக்குக் கேட்காமல் இருக்காது."

அணியில் எல்லோரும் தன்னோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள், அதனால் சொல்ல வாய் வரவில்லை என்றார் அவர். டெல்சிக்குக் கோபம் வந்தது. ஹொல்கரைத் தேற்றும் மனநிலை அவருக்கு இல்லை. இரண்டு நாளும் நடந்ததை எழுதித் தரும்படி மட்டும் கேட்டார். ஹொல்கர் காரின் மேல் தாளை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ருடிகருக்கு அந்தப் பருவம் முழுக்கத் தடை விழுந்தது. மூடிய கோப்பைத் திறந்தார்கள். வருத்தம் தெரிவித்து லீக்கிலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. ஹொல்கரை யாரும் அணியிலிருந்து விலக்கவில்லை. ஆனால் வெளியூர் ஆட்டங்களுக்கு அவர் தனியாகவே கார் ஓட்டிப் போனார். இலையுதிர்காலத்தில் தானே விலகி, குளிர்காலத்தில் நடுவர் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

ஏப்ரலில் லீக் இருவரையும் ஒரே ஆட்டத்துக்கு நடுவர்களாகப் போட்டது. ஓடுபவர் ஒருவர் ஆட்டமிழந்தாரா இல்லையா என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. ஹொல்கர் சொன்னதுதான் சரி என்று டெல்சி ஒப்புக்கொண்டார்.

இப்ப அவர் சிநேகிதரோ என்று கிறிஸ்ரியன் ஒரு நாள் கேட்டார்.

"சிநேகிதம் எண்டு சொல்லேலாது," என்றார் டெல்சி. "ஆனா அவர் நிண்டா நான் பந்தை மட்டும் பாத்தாப் போதும்."

இந்தப் பருவத்தில் அவருக்குப் பதினான்கு ஆட்டங்கள். ஆறு ஹொல்கருடன். அந்தச் சின்ன ஊர் மைதானத்திலும் ஒன்று இருக்கிறது, செப்டெம்பரில்.