பாட்டுப் போடாமல் வந்த ஆட்டோ

ரோஜா மாலையோடு வந்தவர் எதிர்வீட்டு ரைஸ்மில் அண்ணன். அதை யார் கழுத்தில் போடுவது என்று தெரியாமல் பால்காரம்மாவின் வாசலில் அவர் நின்ற நிற்பை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அடுத்த நொடியே கோபம் வந்துவிடுகிறது. யாருக்காக அந்த மாலை வந்ததோ அந்தப் பெண் உள்ளே கட்டிலில் சாய்ந்துகொண்டு ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் செத்துப்போய்விட்டாள் என்று திண்டிவனத்தில் அந்தத் தெருவே முடிவு கட்டியிருந்தது. அவளுக்குத்தான் தகவல் வரவில்லை.

பன்றிக் காய்ச்சல் உலகம் முழுக்கப் பரவிய வருடம் அது. நுண்ணுயிரியல் படித்து முடித்த சூட்டோடு, நோய் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்லும் ஒப்பந்த வேலையில் சேர்ந்திருந்தேன். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, துண்டுப் பிரசுரக் கட்டைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைவேன். நான் சொன்னால் ஊர் கேட்டுக்கொள்ளும் என்று அப்போது நிஜமாகவே நம்பினேன். ஊர் பிரசுரத்தை வாங்கி வடை மடித்தது.

பால்காரம்மாவை அங்கேதான் பழக்கம். புருஷன் இல்லாத வீடு. இரண்டு கறவை மாடு, பத்தாவது படிக்கும் ஒரே மகள். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து, பரிசோதனையில் பன்றிக் காய்ச்சல் என்று தெரிந்து, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, குணமாகி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நோய் போய்விட்டது, பேச்சு போகவில்லை. பன்றியிலிருந்து மாட்டுக்கு ஏறும், மாட்டிலிருந்து பாலுக்கு ஏறும் என்று டீக்கடையில் ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, தெருவே பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டது. பால்காரம்மா கறந்த பாலில் கன்றுக்கு விட்டதுபோக மிச்சத்தைத் தயிராக்கி, அதையும் வாங்க ஆளில்லாமல் சாக்கடையில் ஊற்றியதை நானே பார்த்தேன். மாட்டுத் தரகர் இரண்டு தரம் வந்து மாடுகளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். வித்துட்டு முகையூருக்கே, அண்ணன் வீட்டுக்கே போயிடப் போறேன் என்று பால்காரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். போனால் மகளின் படிப்பும் அதோடு போகும்.

இந்த வதந்தியை அடக்கத்தான் எங்கள் மேலதிகாரி மைக் வைத்த ஆட்டோவுக்கு உத்தரவு போட்டார். கூடவே ஒரு கண்டிப்பு: இது அரசாங்க அறிவிப்பு, சினிமாப் பாட்டெல்லாம் போடக் கூடாது. மரியாதையான உத்தரவுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் மைக் ஆட்டோ என்றால் ஒரு கணக்கு உண்டு. ஜவுளிக் கடைத் தள்ளுபடி, புதுப் படம், திருவிழா எதுவானாலும் பாட்டு முன்னால் வரும், சேதி பின்னால் வரும். பாட்டே இல்லாமல் ஊர்ந்து வந்தால் அது சாவு. பாட்டில்லாத ஆட்டோ தெருவில் நுழைந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். யார் பேர் என்று காதைத் தீட்டிக்கொள்வார்கள். இது எங்களில் ஒருவருக்கும் அன்று ஞாபகம் வரவில்லை. மைக் அண்ணனோ சாவுக்கு வைத்திருக்கும் அதே கனத்த குரலில், "பொதுமக்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு" என்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, "பன்றிக் காய்ச்சல்" என்று ஆரம்பித்தார். மீதியை யார் கேட்டார்கள்? தெருவில் அந்தக் காய்ச்சல் வந்தது ஒரே வீட்டில். ரைஸ்மில் அண்ணன் பூக்கடைக்கு ஓடிவிட்டார்.

மகளின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கப் போயிருந்த நான் அப்போது அந்த வாசலில்தான் நின்றேன்.

"இன்னாண்ணே, மாலையும் கையுமா?" என்றார் பால்காரம்மா.

"இல்லம்மா... மைக்குல காய்ச்சல்னாங்க. பாட்டும் இல்ல. அதான் பாப்பாவுக்குன்னு..."

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்: "மாமா, சாப்ட்டுக்கினு இருக்கேன். கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."

நான் சிரித்துவிட்டேன். பால்காரம்மா சிரிக்கவில்லை. "பாலு வாங்க இந்தப் படி ஏற மாட்டீங்க. சாவுன்னா மட்டும் ஜல்தியா ஓடியாருவீங்க, இல்ல?" என்று மாலையைப் பிடுங்கிப் பசுவின் கழுத்தில் போட்டுவிட்டு, தெருமுனையில் நின்ற ஆட்டோவை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மைக்கைக் கேட்டு அவர் கை நீட்ட, மைக் அண்ணன் தயங்கினார். "எம்மா, எழுதிக் குடுத்தத மட்டும்தான் படிக்கணுமாம்" என்று என்னைப் பார்த்தார்.

எழுதிக் கொடுத்ததை நானும் ஒரு தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். "சுவாசத் தொற்றுப் பரவல் தடுப்பு நடவடிக்கைகளுக்குப் பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்குமாறு..." அதைக் கேட்டு ஒரு ஆழாக்குப் பால்கூட விற்காது. "குடுங்கண்ணே" என்றேன்.

"என் பொண்ணு சாவல!" என்றுதான் அந்த அம்மா ஆரம்பித்தார். "வூட்ல சோறு துன்னுக்கினு இருக்கா. காய்ச்சல் வந்துச்சு, ஆஸ்பத்திரிக்குப் போனோம், மாத்திர குடுத்தாங்க, சரியாப் போச்சு. இனிமே இந்தத் தெருவுல எவனுக்கும் அது வராது!"

"அப்படிச் சொல்லாதீங்கக்கா" என்று காதருகில் கிசுகிசுத்தேன்.

"ஏன் சொல்லக் கூடாது?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார். தெரு முழுக்க அது கேட்டது. மைக் என் வாய்க்கு நேரே வந்து நின்றது. என் வாழ்க்கையின் முதல் பொது மேடை அதுதான். "வரலாம்க்கா. யாருக்கு வேணா வரலாம்" என்றேன். "இருமுனா, தும்முனா பரவும். அது பட்ட கையை மூக்குல, வாயில வெச்சா பரவும். துணியால வாய மூடிக்கணும், சோப்புப் போட்டுக் கை கழுவணும். காய்ச்சல்னா வீட்டோட இருக்கணும். மூச்சு வாங்குனா உடனே ஆஸ்பத்திரி."

"பால்ல?" என்றார் விடாமல்.

"பால்ல வராது."

"கேட்டீங்களா? படிச்ச பொண்ணு சொல்லுது, பால்ல வராது!"

மாடியிலிருந்து ஒருவர், "அப்போ பன்னிக்கறி?" என்று கத்தினார். நன்றாக வேகவைத்த கறியால் வராது என்றேன். "ஊசி இருக்குதா?" என்றது இன்னொரு வாசல். இன்னும் நம்ம ஊருக்கு வரவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். நான் ஒட்டிய எந்தச் சுவரொட்டியையும் பார்த்து ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்று கேட்டார்கள். தெரியாததற்குத் தெரியாது என்றேன், அதையும் நம்பினார்கள்.

அனுமதி பெறாத அறிவிப்பு என்று மேலதிகாரி விளக்கம் கேட்டார். "நான் சொன்னதில் எது தவறு என்று காட்டினால், அதே ஆட்டோவில் போய்த் திருத்திச் சொல்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். தவறு எதையும் காட்டவில்லை. ஒப்பந்தத்தை மட்டும் நீட்டிக்காமல் விட்டார்கள். விட்டால் விடட்டும். இப்போது விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். எந்தக் காய்ச்சல் வந்தாலும் அதற்கு முன்னால் ஒரு பொய் செல்போனில் ஏறி வந்துவிடுகிறது. அனுப்பியவர் சொந்தக்காரரானாலும் விடுவதில்லை, கூப்பிட்டுச் சண்டை போடுகிறேன். "உன்னோட ஒரே பேஜாரு" என்கிறார்கள். இருக்கட்டும்.

மைக்கில் பேசிய அன்று சாயங்காலம் பால் வாங்க யாரும் வரவில்லை. மனசு கேட்காமல் மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். தரகர் கயிற்றோடு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். பால்காரம்மா அவரை ஏறெடுத்தும் பார்க்காமல் கறந்துகொண்டிருந்தார். கறந்து முடிக்கிற நேரத்துக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ரைஸ்மில் அண்ணனின் மனைவி முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு, சுவர் ஓரமாகவே நடந்து வந்தார். மறைவிலிருந்து ஒரு செம்பு எட்டிப் பார்த்தது.

"இன்னாத்துக்கு ஒளிச்சிக்கினு வர்ற? திருட்டுப் பாலா விக்கிறேன்? நடுத்தெருவுல வந்து நில்லு" என்றார் பால்காரம்மா.

அவர் வந்து நின்றார். பால்காரம்மா அளக்கும் படியை உயரத் தூக்கி, செம்பில் நுரை பொங்க, சத்தம் கேட்க ஊற்றினார். ஊற்றிவிட்டு, மூடிக் கிடந்த மற்ற கதவுகளைப் பார்த்துத் திரும்பி நின்று, மைக் இல்லாமலே கேட்டார்:

"அடுத்தது யாரு?"