அக்காவுக்கு வாங்கிய கம்பளி

கல்யாணமான நாளிலிருந்து மலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவள் என் அக்கா. பனியிலும் சாரலிலும் அத்தானின் பழைய சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு நிற்பாள். குளிருகிறது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

எஸ்டேட்டை மூடியபின் இருவரும் விக்கிரமசிங்கபுரத்தில் என் வீட்டருகே குடிவந்தார்கள். கொஞ்ச நாளில் அவளுக்குச் சிறுநீரகம் பழுதானது. பாளையங்கோட்டைக்கு டயாலிசிஸுக்கு நான்தான் கூட்டிப்போவேன். ரத்தம் மெஷினுக்குள் போய்த் திரும்பும்போது அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கும்.

"ஏட்டி, எலும்புக்குள்ள குளிருது" என்றாள். வெளியே சித்திரை வெயில்.

திருநெல்வேலியில் அந்த மாதத்தில் கம்பளி கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஒரு கடையில் கம்பளி என்பதற்கு இங்கிலீஷில் 'ஊல்' என்று பெரிதாக அட்டை தொங்கிய ஸ்வெட்டர் கிடைத்தது. போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. திருப்பிப் பார்த்தேன். உள்ளே தைத்திருந்த லேபிளில் பொடி எழுத்தில் 'அக்ரிலிக்' என்று இருந்தது. அது ஆட்டு ரோமமே இல்லை, செயற்கை நூல் என்பதைப் போனில் தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்து அத்தான் சந்தையில் ஒரு கம்பளி வாங்கி வந்தார். அசல் ஆட்டு ரோமம்தான், ஆனால் முரடு. ஏற்கெனவே நோயால் அரிப்பெடுத்த அவள் தோல் தடித்துப்போனது. ராத்திரி முழுக்கச் சொறிந்தாள்.

அதன்பிறகு துணியைத் தொடுமுன் லேபிளைப் படித்தேன். 'கலப்பு' என்று போட்டிருந்தால் கம்பளி எவ்வளவு என்று தேடினேன். கடைசியில் மெல்லிய ரோமமுள்ள மெரினோ ஆட்டின் சுத்தமான கம்பளியில் நெய்த சால்வையை வரவழைத்தேன்.

அக்கா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "இதுவும் ஆடுதானாட்டீ? பூனைக்குட்டி மாதிரில்லா இருக்கு."

அன்று மெஷின் ஓட ஓட அவள் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஐப்பசி மழையில் அவள் போய்விட்டாள்.

பொங்கலுக்கு வீடு ஒதுக்கிச் சுத்தம்செய்ய அத்தானுக்கு உதவப் போனேன். டிரங்குப் பெட்டியிலிருந்து சால்வையை எடுத்தால், அங்கங்கே ஓட்டை. அசல் கம்பளி என்றால் பூச்சி தேடி வரும். வியர்வை பட்டிருந்தால் விடவே விடாது.

"தொவச்சு வச்சிருக்கலாம்லா, அத்தான்."

"தொவச்சா அவ வாசம் போயிருமேன்னு வச்சிருந்தேன், பிள்ள" என்றார்.

சால்வையை மடியில் விரித்து, ஓட்டைகளைச் சேர்த்துப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அன்றைக்கு நாங்கள் வீடு ஒதுக்கவில்லை.