ஓம் என்று சொல்லி அனுப்பிய குழாய்

காரின் கீழே மணல் சிவப்பாக நனைந்திருந்தால் அது கியர் ஒயில். இன்ஜின் ஒயில் கறுப்பாக இருக்கும். றேடியேற்றர் தண்ணீர் பச்சையாக இருக்கும். இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்று ஒரு கராஜில் சாமான் கழுவப் போனேன், அங்கே கற்றுக்கொண்டது. இப்போது கல்முனையில், பெரிய வீதிக்கும் கடலுக்கும் நடுவில், எனக்கென்று ஒரு சின்னக் கராஜ் இருக்கிறது. கடல் காற்று நேராக உள்ளே வரும். அந்தக் காற்று இரும்பைத் தின்னும்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு மச்சான் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். நெல் வியாபாரி. சத்தமாகக் கதைப்பவர். கார் ஜப்பானில் ஓடிப் பழசாகி வந்தது, தானாகக் கியர் மாறுகிற வகை.

“காலையில கீழ பார்த்தன்” என்றார். “கோழி அறுத்த இடம் மாதிரி இரிக்கி. என்ன எண்டு பாரு. நாளைக்குச் சுபஹோட வெளிக்கிடணும்.”

எங்கே என்று நான் கேட்கவில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ராத்தாவின் மகளுக்கு எட்டு மாதப் பிள்ளை. பிள்ளையின் இதயத்தில் ஓட்டை. சனிக்கிழமை பின்னேரத்துக்குள் கண்டியில் வார்ட்டில் சேர்த்தால் திங்கட்கிழமை ஒப்பரேஷன். அந்தத் திகதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். தவறினால் அடுத்த திகதி எப்போது என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை அழுதால் உதடு நீலமாகும். அதனால் அந்த வீட்டில் கதவைக்கூடச் சத்தமில்லாமல்தான் சாத்துவார்கள்.

காரைத் தூக்கிக் கீழே படுத்தேன். கியர் பெட்டியில் சூடாகிற ஒயில் இரண்டு குழாய்களால் முன்னுக்குப் போய், றேடியேற்றரில் ஆறி, திரும்பி வரும். பாதி இரும்புக் குழாய், பாதி இறப்பர் ஹோஸ். ஹோஸ் இரண்டும் ஊதி வெடித்திருந்தன. அது பெரிய காரியமில்லை. இரும்புக் குழாய் ஒன்றின் நுனி துருப்பிடித்து, கை வைத்ததும் பொருக்காக உதிர்ந்தது. அதுதான் பெரிய காரியம். அந்த நுனியில் மோதிரம் போட்டது போல ஒரு சின்ன மேடு இருக்கும். ஹோஸை அந்த மேட்டைத் தாண்டித் தள்ளி, மேட்டுக்குப் பின்னால் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். அப்போது உள்ளே எவ்வளவு அழுத்தம் வந்தாலும் ஹோஸ் கழன்று வராது. பிடித்துக்கொண்டிருப்பது கிளிப் அல்ல, அந்த மேடுதான்.

மச்சான் வாசலில் நின்று தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்து, “புதுக் குழாய் வேணும். கொழும்பாலதான் எடுக்கணும்” என்றேன்.

“எத்தின நாள்?”

“ரெண்டு.”

“நாளைக்குக் காலையில எண்டு நான் சொன்னது உன்ட காதில விழல்லியா? உன்னட்ட ஒரு கத கேக்கிறதுக்கு டோக்கன் எடுக்கணும், கேட்டா இப்பிடி ஒரு பதில். வெட்டி ஒட்டிச் செய். ஊரெல்லாம் உன்ட கைய எப்பிடிப் புகழுது.”

வேறு வாகனம் பிடியுங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் பார்த்தார். மூடிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்வார்கள். ராத்தாவின் வீட்டுக்காகத்தான் நான் ஐந்தாம் வகுப்போடு கராஜுக்குப் போனேன். அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையிடம் எதிர்த்துக் கதைக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அதைவிட, எனக்கு இயல்பாகவே யாரோடும் எதிர்த்துக் கதைக்க வராது. நான்கு பேர் நின்றால் சொல்ல வேண்டியதையே மறந்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் ஊரின் முஸ்லிம் பக்கத்தில் வாகனச் சாமான் கடை ஒன்றும் திறந்திருக்காது. தமிழ்ப் பக்கத்தில், கடற்கரை வீதியில், தோணிகளுக்கு இன்ஜின் சாமான் விற்கிற கடை ஒன்று திறந்திருந்தது. அளவு சரியான கறுப்பு ஹோஸ் சுருளாகத் தொங்கியது. இரண்டு முழம் வெட்டச் சொன்னேன்.

கடைக்காரர், எங்களவரை அண்ணன் முறையில் காக்கா என்றே கூப்பிடுபவர், சிரித்தார். “என்ன காக்கா, தோணியும் வாங்கிட்டியளா? ஒரு மீன்கூடத் தரல்லியே.”

நானும் சிரித்தேன்.

“என்னத்துக்கு இது?”

“ஒரு வேலைக்கு.”

“வேலைக்குத்தான் எல்லாரும் வாங்குற. கலியாணத்துக்கு வாங்கினவன் ஒருத்தனும் இல்ல.” வெட்டிச் சுற்றிக் கையில் தந்தார். “பெற்றோலுக்குப் போடுங்க, ரெண்டு வருசம் அசையாது. சூட்டுக்கு மட்டும் போட்டுராதீங்க. ரொட்டி மா மாதிரி இளகிப் போயிரும்.”

ஓம் என்று தலையாட்டினேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் ஓம் அது.

திரும்பி வந்து, துருப்பிடித்த நுனியை இரும்பறுக்கும் வாளால் வெட்டினேன். மேடும் அதோடு போனது. மிச்சம் வழுவழுப்பான குழாய். மேட்டைத் திரும்பப் போடுகிற கருவி என்னிடம் இல்லை. ஹோஸை மூன்று விரல் அளவுக்கு உள்ளே ஏற்றி, ஒன்றுக்கு இரண்டு கிளிப் போட்டு, மணிக்கட்டு வலிக்கும் வரை இறுக்கினேன். பக்கத்தில்தான் சைலன்ஸர் குழாய் போகிறது. ஹோஸ் அதில் முட்டாமல் பிளாஸ்டிக் பட்டியால் இழுத்துக் கட்டினேன். முட்டாது. ஆனால் கழன்றால், கொதிக்கிற ஒயில் நேராக அந்தச் சூட்டின் மேல்தான் பாயும். முதலில் புகை வரும். பிறகு நெருப்பு. அதற்குள் கியர் வேலை செய்யாமல் கார் ஏற்றத்தில் நின்று பின்னால் உருளும். இது முழுவதும் எனக்கு, காருக்குக் கீழே மல்லாந்து கிடந்தபடியே, படம் போலத் தெரிந்தது.

ஒயில் ஊற்றி, காரைத் தெற்கே நிந்தவூர் தாண்டும் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். கடதாசியால் துடைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. இன்னொரு முறை ஓட்டினேன். அப்போதும் காய்ந்திருந்தது. ஆனால் எங்கள் ஊர் தட்டை. ஏறுவதற்கு உயரம் என்று இருப்பது பாலம்தான். கியர் ஒயில் கொதிக்கிற மாதிரி ஒரு ஏற்றத்தை இங்கே நான் எங்கே தேடுவேன்? இங்கே செய்கிற வேலையை நாங்கள் எல்லோரும் இந்தத் தட்டைத் தரையில்தான் பார்த்துச் சரி என்று சொல்கிறோம். கண்டிப் பாதையிலோ, மகியங்கனைக்கு அப்பால் மலையில், கொண்டை ஊசி போலப் பதினெட்டு வளைவு. அதை நினைத்ததும் கையிலிருந்த கடதாசியைக் கசக்கிப் போட்டேன்.

இருட்டி, மஃரிப் தொழுகைக்குப் பிறகு காரை ராத்தா வீட்டில் விட்டேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். உள்ளே யாசீன் ஓதுகிற சத்தம். ராத்தாவின் மகள், என் மருமகள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தாள். ராத்தா என்னைக் கண்டு வாசலுக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“கார் சரியா?”

அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் என்னைப் பார்த்தார்கள்.

“ஓம்” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ். நீ செய்தா எனக்குப் பயமில்ல.”

காலையில் சுபஹ் தொழுத கையோடு அங்கே போனேன். பள்ளிவாசல் லெப்பை ஓதிக் கொடுத்த தண்ணீரை ராத்தா காரின் முன்பக்கம் தெளித்தாள். தண்ணீர் பொனற்றின் இடுக்கால் உள்ளே இறங்கியது. எதன் மேல் விழும் என்று எனக்குத் தெரியும். மச்சான் ஏறினார். பின்னால் மருமகளும் பிள்ளையும். கண்ணாடியை இறக்கி, “மாமா, துஆ கேளுங்க” என்றாள் மருமகள். தலையாட்டினேன். கார் போனது.

எல்லோரும் உள்ளே போன பிறகு, கார் நின்ற இடத்தைப் பார்த்தேன். மணலில் ஒரு சொட்டு ஈரம். ஓதின தண்ணீராக இருக்கட்டும் என்று குனிந்து தொட்டேன். ஒட்டியது. விரலை வெளிச்சத்தில் பிடித்தேன். சிவப்பு.

அரை மணித்தியாலத்துக்கு மேல் யோசித்துவிட்டு மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன். “என்ன, சொல்லு” என்றார். இரைச்சல் கேட்டது.

“எவடத்த போறீங்க?”

“அம்பாறை. ஏன்?”

“இல்ல. சும்மாதான்.”

“உனக்குச் சும்மா கதைக்கவும் வருமா?” என்று சிரித்துவிட்டு வைத்தார்.

கராஜுக்கு வந்து உட்கார்ந்தேன். கதவைத் திறக்கவில்லை. நேற்று வெட்டிய நுனி நிலத்தில் கிடந்தது. எடுத்தேன், துருவுக்குள் அந்த மேடு இன்னும் விரலுக்குத் தட்டுப்பட்டது. இப்போது இறக்காமம் தாண்டி... இல்லை, அது பாதையே இல்லை. மூளை ஓடவில்லை. இப்போது உகனை. இப்போது மகாஓயா. அவர்கள் போகிற ஒவ்வொரு ஊரையும் நானும் மனதால் போய்க்கொண்டிருந்தேன். பாதை தட்டையாக இருக்கும் வரைக்கும் என் பொய்யும் தாங்கும்.

மறுபடி எடுத்தபோது கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் போயிருந்தது. மருமகள் எடுத்தாள்.

“வாப்பா ஓடுறாரு மாமா. படியத்தலாவ தாண்டிட்டம்.”

“பிள்ள?”

“நித்திர.”

“மகள், போன வாப்பாட காதில வை.”

வைத்தாள்.

“மச்சான், மலை ஏறாதீங்க. மகியங்கனையில நிப்பாட்டுங்க. நான் போட்டது தோணி ஹோஸ். குழாயில மேடு இல்ல, வெட்டிட்டன். ஏத்தத்தில சூடாகிக் கழரும். சைலன்ஸர்ல ஒயில் விழுந்தா பத்தும். புள்ளய வேற வாகனத்தில அனுப்புங்க. நேத்தே தெரியும் எனக்கு. நான் சொல்லல்ல.”

என் வாழ்நாளில் அவரோடு இவ்வளவு கதைத்ததில்லை.

“ஓம் எண்டு சொன்னியே” என்றார். தொடர்பு அறுந்தது.

மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். அம்பாறையில் கடைகள் திறந்திருந்தன. சரியான ஹோஸும் கிளிப்பும் வாங்கினேன். வழியெல்லாம் தார் வீதியையே பார்த்துக்கொண்டு ஓடினேன், சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று. மகாஓயாவுக்கு அப்பால் தெரியத் தொடங்கியது. ஒரு சொட்டு. கொஞ்சத் தூரம் தாண்டி இன்னொன்று. பிறகு நெருக்கமாக. எல்லாம் அந்தக் காரிலிருந்து விழுந்தவைதானா என்று எனக்குத் தெரியாது. எண்ணுவதை நிறுத்த முடியவில்லை. தொலைபேசி மூன்று தரம் நடுங்கியது. நிறுத்தி எடுக்கப் பயம்.

மகியங்கனையில் பாதையோரத் தேநீர்க் கடை ஒன்றின் முன்னால் கார் நின்றது. பொனற் திறந்திருந்தது. மச்சான் வாங்கில் தனியாக உட்கார்ந்திருந்தார். பின் இருக்கை காலி. மோட்டார் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு ஓடினேன்.

“வேன் ஒண்டு மறிச்சு அனுப்பிட்டன்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “வளைவெல்லாம் ஏறிட்டாங்களாம். மகள் போன் பண்ணினாள். உனக்கும் எடுத்தாளாம், நீ எடுக்கல்ல.”

நான் காரின் கீழே படுத்தேன். மச்சானும் வந்து, வெள்ளைச் சட்டையோடு, பக்கத்தில் குந்தினார். ஹோஸ் விரலால் அமுக்கினால் குழிந்தது. முதல் கிளிப் குழாயை விட்டே வெளியே வந்து, வெறும் ஹோஸை இறுக்கிக்கொண்டு நின்றது. இரண்டாவது கிளிப்பும் விளிம்புக்கு வந்திருந்தது. ஹோஸ் சறுக்கிய இடத்தில் இரும்பு சுத்தமாக மினுங்கியது. மூன்று விரல் ஏற்றியதில் அரை விரல்தான் மிச்சம். தட்டைப் பாதையிலேயே இவ்வளவு.

“எத்தின வளைவு தாங்கியிருக்கும்?” என்று கேட்டார்.

சுற்றி யாரும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் நம்ப விரும்புகிறேன்.

“முதல் வளைவுக்கே போயிருக்காது” என்றேன்.

அவர் எழுந்து போய்த் தேநீர்க் கடைக்குள் நின்றார். கொஞ்ச நேரத்தில் கடைப் பையன் வந்து, எனக்கொரு தேநீரைக் காரின் பக்கத்தில் நிலத்தில் வைத்துவிட்டுப் போனான்.

பிள்ளைக்குத் திங்கட்கிழமை ஒப்பரேஷன் நடந்தது. இப்போது ஓடித் திரிகிறாள், அழுதாலும் உதடு சிவப்பாகத்தான் இருக்கிறது. ராத்தாவுக்கு மச்சான் என்ன சொன்னார் என்று தெரியாது. அவள் இன்றுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. காரை மச்சான் இப்போதும் என்னிடம்தான் கொண்டுவருகிறார். ஆனால் வேலை முடிந்ததும் சரியா என்று கேட்பதில்லை. தானே முழங்காலில் நின்று, கீழே மணலைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ஏறிப் போகிறார்.