நடுக் கட்டம்

திருவனந்தபுரத்தில், மீன மாதத்து வெயிலில், மடியில் கம்பளி நூலோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். கோட்டைக்குள் எங்கள் அக்ரகாரமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான கையோடு என் கணவர் பொன்முடித் தேயிலை எஸ்டேட்டில் குமாஸ்தா வேலைக்குப் போய்விட்டார். நான் மாமியாரோடு இருந்தேன்.

"அங்கே குளிர் எலும்பைத் துளைக்கும். நல்ல போர்வை ஒண்ணு பின்னி முடி. இடவப்பாதி மழைக்கு முன்னாடி நானே உன்னை லாரியிலே ஏத்தி அனுப்பறேன், கேட்டயா?" என்றார் மாமியார். வைகாசி நடுவில் அந்த மழை பிடித்துக்கொண்டால் மலைப்பாதை அடைபட்டுவிடும். அதற்குள் முடித்தாக வேண்டும்.

யுத்த காலம். சாலைக் கடைத்தெருவில் நூல் கிடைக்கிறபோதுதான் கிடைக்கும். அந்தப் புழுக்கத்தில் முழுப் போர்வையை மடியில் சுமக்கவும் முடியாது. அதனால் கைக்குட்டை அளவில் கட்டம் கட்டமாகப் பின்னினேன். எல்லாம் கான்வென்ட் பள்ளியில் கற்ற பின்னல்கள். அரிசியை இறைத்தாற்போல் புடைத்திருப்பது ஒன்று, கூடை முடைந்தாற்போல் ஒன்று, முறுக்குப் போலத் திருகிக்கொண்டு ஏறுவது ஒன்று. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் கண்ணிகளை ஊசியில் ஏற்றிவிட்டேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், திருகல் உள்ளே இழுத்ததில் முறுக்குக் கட்டங்கள் ஒடுங்கிக் கிடந்தன. கோபம் வந்த நாட்களில் இறுக்கிப் பின்னியவை இன்னும் சின்னவை. ஊசியை விட்டெறிந்தேன். வாசலுக்குப் போய் நின்றேன். எஸ்டேட் லாரி ஏதாவது போகிறதா என்று பார்த்தேன். பிறகு நானே ஊசியைத் தேடி எடுத்து, சின்னக் கட்டங்களைச் சுற்றிக் கரை பின்னிச் சரிக்கட்டினேன்.

மாதத்தில் மூன்று நாள் பின்கட்டு அறையில் விலகி உட்கார வேண்டும். அடுப்படி வேலை கிடையாது என்பதால் அப்போதுதான் போர்வை ஓடும். மாமியார் ஆசாரக்காரர். தண்ணீர்ச் செம்பைக்கூடத் தரையில் வைத்து நகர்த்துவார். ஆனால் கம்பளிக்குத் தீட்டு இல்லை என்பதும் அவருடைய ஆசாரம்தான். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, முடிந்த கட்டத்தை என் கையிலிருந்தே வாங்கி மற்றவற்றோடு சேர்த்துத் தைப்பார். அந்த நாட்களில் எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனதும் அப்படித்தான்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் வந்து போனார். இடவம் பிறந்தபோது நடுவில் ஒரே ஒரு கட்டம் பாக்கி. பின்கட்டு அறைக்குப் போகும்போது முடித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அந்த மாதம் போகவேண்டி வரவில்லை.

எனக்கு முன்னால் மாமியார் புரிந்துகொண்டார். என் வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டார்.

"இனிமே மலையும் வேண்டாம், லாரியும் வேண்டாம். பிரசவம் கழியட்டும்."

அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று கன்னத்தைத் துடைத்துவிட்டார். கொஞ்சம் அதுவும்தான். மீதி எல்லாம் ஆத்திரம். அந்தக் கடைசிக் கட்டத்தை ஊசி வளைகிற மாதிரி இறுக்கிப் பின்னினேன். அவர் அதையும் வைத்துத் தைத்து, "போர்வையையாவது அனுப்பலாம். பாவம், அவன் குளிர்ல கிடக்கான்" என்றார்.

நான் போவதற்காகப் பின்னிய போர்வை போகிறது, நான் இங்கே கிடக்கிறேன். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. லாரிக்காரர் வாசலில் ஹாரன் அடித்தபோது, நடுக் கட்டத்தைச் சுற்றியிருந்த தையலைக் கத்தரித்து அதைத் தனியே எடுத்தேன். துண்டு துண்டாகச் செய்ததில் இந்த ஒரு சௌகரியம், மற்றது எதுவும் அவிழாது. போர்வையை நானே சுருட்டிக் கட்டிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு கணவர் வருகிற ஞாயிறு இல்லை. ஆனாலும் வந்தார், போர்வையை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

"என்னதிது? நட்ட நடுவிலே ஒரு கட்டத்தைக் காணோம். போத்திண்டு படுத்தா நெஞ்சிலே குளிர்ந்த காத்து வந்து அடிக்கறது."

"அடிக்கட்டும். இங்கே வெயில்லயும் எனக்கு அப்படித்தான் இருக்கு" என்றேன்.

அடுப்படியில் மாமியாரின் பாத்திரச் சத்தம் நின்றது. கணவர் போர்வையைக் கீழே வைத்தார். சாயங்கால பஸ்ஸுக்கு அன்று கிளம்பவில்லை.