அந்த வீட்டில் யாருக்கும் வீசிங் இல்லை

நான்கு வருடங்களுக்கு முன், சுற்றுச்சூழல் அறிவியல் எம்.எஸ்ஸி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் அடையாற்றங்கரையோரம் ஒரு குடியிருப்பு. அங்கே குப்பை எரிக்கிற புகையால் யாருக்கெல்லாம் மூச்சுத் தொந்தரவு இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவதுதான் என் ப்ராஜெக்ட்.

மூன்று வாரம் அலைந்தேன். டீ கொடுத்தார்கள், உட்கார ஸ்டூல் போட்டார்கள். கேள்வி கேட்டால் மட்டும், "எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா." அதிலும் குழாயடி பக்கத்து வீட்டு அக்கா, தைத்துக்கொண்டிருந்த பிளவுஸிலிருந்து நிமிராமலே, "எங்க வூட்ல யாருக்கும் வீசிங்லாம் கிடையாது, எழுதிக்கோ" என்று முடித்துவிட்டார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். புகை இவர்களை ஒன்றும் செய்யவில்லை போல என்று என் பேராசிரியரிடம் வேறு சொல்லிவிட்டேன்!

ஒரு நாள் மத்தியானம், ஆற்றோரம் யாரோ பழைய வயர்களைக் கொளுத்த, புகை குடியிருப்புப் பக்கம் திரும்பியது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. பையைத் துழாவினால் இன்ஹேலர் இல்லை. ஆதம்பாக்கத்தில் என் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நாலு அடி நடப்பதற்குள் மூச்சு இழுக்க, அந்த அக்கா வீட்டு வாசலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். பேச்சே வரவில்லை.

அக்கா ஓடி வந்து என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். உடனே உள்ளே போய், அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு நீல இன்ஹேலரை எடுத்து வந்து, குலுக்கி, என் வாயில் வைத்தார். "மெதுவா இழு... உள்ளயே புடிச்சிக்கினு இரு." பழகிய கை. மூச்சு சீராகும்வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நான் அந்த இன்ஹேலரையே பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "பாப்பாவுதும்மா. ரெண்டு வருசமா கீது. இங்க நோய் வருதுன்னு எழுதினா, இத்தயே சாக்கா வெச்சி கவர்மெண்டுல எங்க வூட்ட காலி பண்ணி ஊருக்கு வெளிய அனுப்பிட்டா? அவ இஸ்கூலு, என் பொழப்பு, எல்லாம் இங்கதான கீது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர், வீட்டு எண் எதுவும் இல்லாத புதுப் படிவம் அடித்துக்கொண்டு போய், முழுவதையும் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவரே என் கையைப் பிடித்து வீடு வீடாகக் கூட்டிப் போனார். "நம்ம பொண்ணுதான். இதுக்கும் வீசிங் கீது. தெகிரியமா சொல்லு!" என்று அவர் சொன்னதும் பெண்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு பேசினார்கள். மூன்று வாரத்தில் கிடைக்காதது இரண்டே நாளில் கிடைத்தது. குப்பை எரிப்பதைத்தான் நிறுத்த வேண்டும், இவர்களை இடம் மாற்றுவது தீர்வாகாது என்று என் அறிக்கையில் முதலிலேயே எழுதினேன்.

இப்போது இதே வேலைக்காக எத்தனையோ கதவுகளைத் தட்டுகிறேன். யாராவது "ஒண்ணும் இல்லை" என்றால், சொன்னால் இவர்கள் எதை இழப்பார்களோ என்றுதான் முதலில் தோன்றுகிறது. வீடு, பிழைப்பு, மகளின் பள்ளிக்கூடம் அத்தனையும் போனாலும் போகட்டும் என்று எனக்கு மூச்சு கொடுத்த அந்த அக்காவை நினைத்துக்கொள்கிறேன்.