கல்லறைத் திருநாளில் மூன்று தட்டு

சுவிசேஷப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். பார்த்ததைத்தான் எழுதுகிறேன். நேரம்கூடத் தவறாது. ரங்கூன் துறைமுகத்தில் சரக்கு ஏறி இறங்கும் நேரத்தைக் குறித்து வைப்பதுதான் என் உத்தியோகம். அன்றைக்கும் சட்டைப்பையில் கடிகாரம் இருந்தது.

1926-ஆம் வருஷம். நவம்பர் இரண்டு, செவ்வாய்க்கிழமை. கல்லறைத் திருநாள்.

என் மனைவி ரோசாலி புதுச்சேரிக்காரி. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். அவளுக்கு நான் இரண்டாவது புருஷன். முதல் புருஷன் சந்தியாகு, ரங்கூனுக்கு வந்த மறு வருஷமே விஷக்காய்ச்சலில் போய்விட்டார். அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் என்னென்ன சாப்பிட்டார் என்பது எனக்கு மனப்பாடம்.

எல்லாம் ரோசாலியின் பேச்சால் வந்தது. புதுச்சேரியில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் வெளியே சாப்பிடப் போவார்களாம். கடற்கரையில் பச்சை ஜன்னல் வைத்த ஓட்டல். வெள்ளைக்காரத் தெருவில், முற்றத்து மாமரத்தடியில் மேசை போட்ட இன்னொன்று. கோயிலுக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுக் கிழவி நடத்திய மூன்றாவது. அங்கே வெண்ணெயில் வாட்டிய மீன் ரொம்பப் பிரசித்தம். நான் அவளை ரங்கூனில் லத்தாத் தெருவில் இருக்கும் சீனன் கடைக்குக் கூட்டிப் போவேன். இரண்டு வாய் சாப்பிடுவாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்கே..." என்று நிறுத்துவாள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது.

செத்தவர் மேல் பொறாமைப்படுவது வெட்கக்கேடு. தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவருக்கு இனி வழுக்கை விழாது. அவர் இனி குடித்துவிட்டு வரமாட்டார், அவளிடம் எரிந்து விழமாட்டார். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிப் போட்டி போடுவது? எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ரோசாலி என்னோடு உட்கார்ந்து, என்னை மட்டும் நினைத்துக்கொண்டு, ஒரு வேளை சாப்பிட வேண்டும்.

கல்லறைத் திருநாள் சாயங்காலம் எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைப்பார்கள். ஒரு தட்டில் வைத்து, பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, வாசல் கதவைத் திறந்து வைப்பார்கள்.

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு பத்து. தெருமுனையிலேயே வெண்ணெய் வாசனை வந்தது.

"யாருக்கு?" என்றேன், தெரிந்தே.

"தெரியாத மாதிரி கேக்குறீங்க."

"செத்தவருக்கு வெண்ணெய் மீனு. உசுரோட இருக்கிறவனுக்கு ரசமா?"

ரோசாலி திரும்பிப் பார்க்கவில்லை. "அவரு வருஷத்துக்கு ஒரு நாள்தான் வர்றாரு. மத்த முன்னூத்தி அறுபத்தி நாலு நாளும் நீங்கதானே சாப்பிடுறீங்க."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. குடத்துத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினேன். புஸ்ஸென்று புகை எழும்பியது.

"புடவை மாத்து. வெளிய சாப்பிடப் போறோம்."

"இன்னைக்கா? வேணாங்க. அவரு வந்து பாத்தா வீடு பூட்டிக் கிடக்கும்."

"கிடக்கட்டும்."

கதவைப் பூட்டினேன். குதிரை வண்டியில் ஏறிய பிறகுதான் எங்கே போவது என்றே யோசித்தேன். ஆற்றோரத்தில் அப்பாசாமி என்ற புதுச்சேரிக்காரர் பிரெஞ்சு மாதிரியில் ஓட்டல் திறந்திருப்பதாகத் துறைமுகத்தில் பேச்சு. அங்கே விடச் சொன்னேன். அவளுடைய மூன்று ஓட்டலையும் இந்த ஒரு ஓட்டலால் அடித்துவிடலாம் என்று கணக்கு.

மணி ஏழு ஐந்து. எட்டே மேசைகள். வெள்ளை விரிப்பு. மின்விசிறி. ஜன்னலுக்கு வெளியே ஆறு. வாசலில் நின்ற அப்பாசாமி ரோசாலியைப் பார்த்துக் கும்பிட்டார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

பரிமாறுகிற ஜாபர் ஒன்றும் கேட்காமல் எங்களை ஜன்னலோர மேசைக்குக் கூட்டிப் போனான்.

அங்கே மூன்று தட்டு இருந்தது. மூன்று கண்ணாடித் தம்ளர்.

"நாங்க ரெண்டு பேருதான்," என்றேன்.

"ஆகட்டுங்க," என்றான். தட்டை எடுக்கவில்லை.

ரோசாலிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் பக்கத்து நாற்காலியையும் இழுத்தான். நான் உட்காரப் போனேன். அதற்குள் அதை மெல்ல உள்ளே தள்ளிவிட்டான்... யாரோ உட்கார்ந்த பிறகு தள்ளுவது போல.

"நீங்க எதிர்ப்பக்கம்ங்க."

ஏழு இருபதுக்கு சூப் வந்தது. மூன்று கிண்ணம். நான் இன்னும் எதையும் கொண்டுவரச் சொல்லவே இல்லை.

என் கிண்ணத்தில் ஆவி நேராக எழும்பியது. அவள் கிண்ணத்திலும் அப்படித்தான். மூன்றாவது கிண்ணத்தில் மட்டும் ஆவி விட்டு விட்டு ஒதுங்கியது.

யாரோ ஊதி ஊதி ஆற்றுவது போல...

விசிறிக் காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

ஏழு முப்பத்திரண்டு. மீன் வந்தது. வெண்ணெயில் வாட்டிய மீன். ஒரு வாய் வைத்தேன். பிரமாதம். பெருமையோடு ரோசாலியைப் பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மாதத்தில் என்னிடம் ஒருமுறைகூட அப்படிச் சிரித்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க." சிரிப்பு நின்றுவிட்டது. முகம் வெளுத்தது.

ஏழு நாற்பத்தொன்று.

டிங்...

தட்டில் முள்கரண்டி படும் சத்தம். என் கரண்டி என் கையில் இருந்தது. அவள் கரண்டி விரிப்பின் மேல் கிடந்தது.

மூன்றாவது தட்டைப் பார்த்தேன். மீனில் பாதியைக் காணோம். தட்டின் ஓரத்தில் முட்கள். சீப்புப் பல் போல வரிசையாக.

"அவரு... முள்ளை இப்படித்தான் அடுக்குவாரு," என்றாள் ரோசாலி. 

மற்ற மேசைகளில் எல்லோரும் பேசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"எழுந்திரு. போகலாம்."

ஏழு நாற்பத்து நாலு. அவளுடைய வலது கையைப் பிடித்தேன். பாதி எழுந்தாள். நின்றுவிட்டாள்.

"வர முடியலைங்க."

"ஏன்?"

"இந்தக் கையை விடமாட்டேங்கிறாரு."

இடது கை விரிப்பின் மேல் இருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று நெருக்குண்டு, இரத்தம் செத்து வெளுத்திருந்தன. புறங்கையில் நான்கு பள்ளம்.

இழுத்தேன்.

அந்தப் பக்கமும் இழுத்தது.

"வலிக்குதுங்க..."

க்ரீச்...

காலி நாற்காலி நகர்ந்தது. அவள் பக்கமாக. ஒரு சாண்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன்.  கண்ணில் நீர் முட்டியது. அப்போதுதான் புரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளைக் கிழிக்கிறோம்.

நான் கையை விட்டேன்.

வாழ்நாளில் என் வாயால் சொல்லாத பெயரைச் சொன்னேன்.

"சந்தியாகு அண்ணே... அடுப்பை அணைச்சது நான்தான். அவ மேல தப்பில்லை. வீட்டுக்கு வாங்க. தட்டு வைக்கிறோம்."

அசைவில்லை.

ஆற்றில் ஏதோ கப்பல் ஊதியது. நீளமாக...

ஏழு நாற்பத்தேழு. ரோசாலியின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

வீட்டுக்கு வந்து நானே அடுப்பு மூட்டினேன். நானே மீனை வாட்டினேன். மெழுகுவர்த்தி ஏற்றி, கதவை விரியத் திறந்து வைத்தேன். காலையில் அந்தத் தட்டை நான் போய்ப் பார்க்கவில்லை. ரோசாலி கழுவி வைத்துவிட்டாள். அவள் கையில் அந்த நான்கு தழும்பும் மறைய ஒன்பது நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு அவள் புதுச்சேரி ஓட்டல்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் அப்பாசாமி துறைமுகத்துக்கு வந்தார். கப்பலில் வந்த ஒயின் பெட்டிகளை எடுத்துப் போக. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்னங்க, அன்னைக்குப் பாதியில எழுந்திட்டீங்க. மீனு சரியில்லையா?"

"மீன் நல்லா இருந்தது. நான் ஒண்ணும் சொல்லாமலே எல்லாம் மேசைக்கு வந்ததுதான் புரியலை."

"அந்த அம்மாவோட வீட்டுக்காரரு முன்னாடியே வந்து எல்லாம் சொல்லிட்டுப் போனாரே. எந்த மேசை, என்ன சூப்பு, எந்த மீனு எல்லாத்தையும். நம்ம ஊரு ஆளு. தங்கமான பேச்சு."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சே கால் இருக்கும்."

அஞ்சே காலுக்கு நான் இதே துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஓட்டலுக்குப் போகும் நினைப்பே எனக்கு வந்திருக்கவில்லை.

"அவ வீட்டுக்காரன் நான்தான்," என்றேன்.

அப்பாசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். சங்கடமாக நெளிந்தார்.

"அப்படிங்களா... உங்களைப் பத்தியும் சொன்னாருங்க. கூட ஒருத்தர் வருவாரு, அவரை எதிர்ப்பக்கம் உக்கார வைங்கன்னு."

"நான் யாருன்னு சொன்னாரு?"

"எங்க வீட்டுல தங்கியிருக்கிறவருன்னு."